33 பக்கக் கடிதமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



அவலூர்பேட்டையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மக்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஒரு தந்தை தம் நான்கு வயது மகனைக் கையில் பிடித்தபடி வந்தார். பிள்ளையின் தாயார் வாசற்படிக்கு அப்பாலேயே நின்றுகொண்டார். தந்தையின் சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மருத்துவர் எழுதித் தந்தது. அதில் 'ஆட்டிசம்' என்ற சொல் இருந்தது. அரசு ஆவணங்கள் 'மதியிறுக்கம்' என்று கூறுவதும் இதைத்தான். அவர் அதன் பொருளை நம்மிடம் கேட்கவில்லை. "ஹஜ்ரத், இது எங்க ரெண்டு பேர்ல யாரு செஞ்ச தப்பு?" என்றுதான் கேட்டார். வாசலில் நின்ற தாயார் தலையைக் குனிந்துகொண்டதையும் நாம் கண்டோம். அவர் வீட்டில் அக்கேள்விக்கு முன்பே யாரோ விடை கூறிவிட்டார்கள் என்பது அதிலிருந்து விளங்கியது.

நாம் இங்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பிள்ளையை ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் இதே திண்ணைக்கு அழைத்து வந்திருந்தார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை, புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான் என்றார்கள். "ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும், கவலை வேண்டாம்" என்று கூறி, ஓதி ஊதி, கயிறு ஒன்றையும் கட்டி அனுப்பினோம். ஓதிப் பார்த்தது பிழையன்று. அத்துடன் ஒரு சொல்லாக, "காது கேட்கிறதா என்று முதலில் சோதித்து வாருங்கள்" என்று நாம் கூறியிருக்கலாம். கூறவில்லை. அந்த ஒன்றரை ஆண்டு அப்பிள்ளைக்குத் திரும்பி வராது. அதனால்தான், 'யார் தவறு' என்ற அக்கேள்வியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். இக்கேள்வி அவலூர்பேட்டையில் பிறந்ததன்று. கடல்கடந்த நாடுகளில், கற்றறிந்த மேதைகளின் வாயிலும் அது இருந்தது. பல்லாயிரம் தாய்மாரை அது அழ வைத்தது.

கடிதம் எழுதிய தந்தை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1933இல் டொனால்ட் டிரிப்லெட் என்ற ஆண் குழந்தை பிறந்தது. தந்தை வழக்கறிஞர். குழந்தை தனக்குள் தானே வாழ்ந்தது. தாய் தந்தை வருவதையும் போவதையும் பொருட்படுத்தவில்லை. சுழலும் பொருள்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. கேட்ட பாட்டைக் கேட்டபடியே பாடியது. மருத்துவர்களின் அறிவுரைப்படி, மூன்று வயது முடிந்த நிலையில் 1937இல் அக்குழந்தையை வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மறந்துவிடுங்கள் என்பதே அக்காலத்தில் இத்தகைய பெற்றோருக்குக் கூறப்பட்ட அறிவுரை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், அங்கிருந்தோர் தடுத்தும் கேளாமல், பெற்றோர் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர்.

அதன் பிறகு அத்தந்தை செய்த செயல்தான் இக்கட்டுரைக்குப் பெயர் தந்தது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநல மருத்துவராயிருந்த லியோ கானர் என்பவருக்கு அவர் 33 பக்கங்களில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை அனுப்பினார். பிள்ளை எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், எதைக் கண்டு அஞ்சினான், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆண்டான், எதைத் தின்ன மறுத்தான் என்று ஒன்று விடாமல் அதில் எழுதியிருந்தார். 1938 அக்டோபரில் ஐந்து வயதான டொனால்டை கானர் நேரில் கண்டார். பின்னர் அதே போன்ற வேறு பிள்ளைகளையும் கண்டார். 8 ஆண் பிள்ளைகள், 3 பெண் பிள்ளைகள் என 11 பேரைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரையே இந்நிலையைத் தனியானது என்று மருத்துவ உலகுக்கு அறிவித்தது. அதில் முதற்பிள்ளை டொனால்ட். 'ஆட்டிசம்' என்ற சொல்லை சுவிட்சர்லாந்தின் ப்ளாய்லர் அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு நோயின் குறியாக ஆண்டிருந்தார். மாஸ்கோவில் சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1920களிலேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்ததையும் உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. எனினும் கானரின் கட்டுரை வழியாகவே இப்பெயர் பரவியது.

அக்கட்டுரைக்கு அடிப்படை ஓர் ஆய்வுக்கூடமன்று, ஒரு தந்தையின் கவனிப்பு என்பதை நம் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும். மருத்துவர் அரை மணி நேரம் பார்ப்பார். தாய் தந்தை நாள் முழுதும் பார்க்கிறார்கள்.

டொனால்டின் பிற்கால வாழ்வையும் கூறிவிடுவோம். 1942இல் அவன் பண்ணை நடத்தும் ஓர் எளிய தம்பதியரிடம் தங்க வைக்கப்பட்டான். அவனுக்கு எதையும் அளப்பதிலும் எண்ணுவதிலும் தீராத நாட்டம். அக்குடியானவர் அதை அடக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து, எவ்வளவு ஆழம் தோண்டினாய் என்று அளந்து சொல்லச் சொன்னார். சோளக் கொல்லையின் வரிசைகளை எண்ண விட்டார். எண்ணிக்கொண்டே ஏர் உழவும் கற்றுக்கொடுத்தார். படிப்பறிவு மிகுந்த மருத்துவர்கள் காணாத வழியை ஒரு குடியானவர் கண்டார் என்பதில் நமக்கு வியப்பில்லை. உழவர்கள் நிறைந்த மண்ணில்தானே நாமும் வாழ்கிறோம். டொனால்ட் பின்னர் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்றார். சொந்த ஊரிலேயே வங்கியில் பணியாற்றினார். கோல்ஃப் ஆடினார். தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் சென்றார். 2023இல் தம் 89ஆம் வயதில் இறந்தார். அவருடன் முதற்கட்டுரையில் இடம்பெற்ற 11 பேரையும் கானர் 1971இல் மீண்டும் தேடிச்சென்று எழுதினார். அரசுக் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்து வாடியதை அவரே வருத்தத்துடன் பதிவு செய்தார்.

தாய்மார் மீது விழுந்த பழி

ஆனால் அதே கானர் வேறொரு தீங்குக்கும் வித்திட்டார். தாம் கண்ட பெற்றோரிற் பலர் படித்தவர்களாகவும் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்களாகவும் இருப்பதாக அவர் எழுதினார். குளிர்சாதனப் பெட்டியை உவமையாக்கவும் செய்தார். அது போதுமானதாயிற்று. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால் பிள்ளை தன்னைத் தானே மூடிக்கொண்டது என்ற கருத்து மருத்துவமனைதோறும் பரவியது. சிகாகோவில் ஒரு பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூலால் அக்கருத்து பொதுமக்களிடமும் சென்றது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவைப்பதே மருத்துவம் என்றுகூடக் கருதப்பட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு உதவி தேடிச் சென்றால், 'உன்னால்தான் இது' என்ற விடையுடன் திரும்பினாள்.

இப்பழியை உடைத்தவர்களும் பெற்றோரே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லேண்ட் என்பவருக்கு ஆட்டிச நிலையுள்ள மகன் இருந்தான். அவர் கிடைத்த ஆய்வுகள் யாவற்றையும் படித்து, இது வளர்ப்பால் வருவதன்று, மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்று 1964இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு கானரே முன்னுரை தந்தார். மறு ஆண்டு பெற்றோர் சங்கம் ஒன்று உருவாயிற்று. அச்சங்கத்தின் 1969ஆம் ஆண்டுக் கூட்டத்தில் கானர் எழுந்து நின்று, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றமற்றவர்கள் என விடுவிக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். பெரியவர் ஒருவர் தாம் கூறியதைத் தாமே திரும்பப் பெறுவது எளிதன்று. அந்த ஒரு செயலுக்காகவே அவரை நாம் மதிக்கிறோம்.

1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இருவர் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. 21 இரட்டையர் இணைகளில், ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஆக, இது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. தாய் வேலைக்குப் போனதாலோ, கர்ப்பக் காலத்தில் கிரகணம் பார்த்ததாலோ, பாட்டியிடம் பிள்ளையை விட்டதாலோ, கைப்பேசி காட்டியதாலோ வந்ததன்று. கைப்பேசியைக் குறைக்க வேண்டும் என்பது வேறு. அதனால்தான் ஆட்டிசம் வந்தது என்று மருமகளைக் குத்துவது வேறு.

தடுப்பூசி பற்றிய வதந்தியும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் உலவுகிறது. 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து அது கிளம்பியது. அக்கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அவரும் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றது. தம்பி தங்கைக்குத் தடுப்பூசி போடாமல் நிறுத்தும் பெற்றோர் ஒரு கவலைக்கு மேல் மற்றொரு கவலையைச் சேர்க்கிறார்கள்.

ஒரு ஆசிரியையும் ஒரு மருத்துவத் தாயும்

இலண்டனில் 1962இல் பெற்றோர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் லோர்னா விங். அவருடைய மகளுக்கு ஆட்டிசம் இருந்தது. மருத்துவராயிருந்தும் தாயாக அவர் பட்ட துயரம் மற்றத் தாய்மாரின் துயரத்திலிருந்து வேறுபடவில்லை. ஜூடித் கோல்ட் என்பவருடன் சேர்ந்து அவர் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட முடிவு, இந்நிலை ஒரே அச்சில் வார்த்ததன்று என்பதைக் காட்டியது. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் ஓயாது பேசுவார்கள், ஆனால் எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பு விளங்காது. இன்று 'ஆட்டிச நிறமாலை' என்று கூறப்படுவதற்கு அதுவே அடித்தளம்.

அச்சங்கம் 1965இல் ஈலிங் என்ற இடத்தில் தொடங்கிய பள்ளியை நடத்தியவர் சிபில் எல்கர் என்ற ஆசிரியை. இப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட முடியாது என்று அதிகாரிகள் எழுதித் தந்த காலம் அது. அவர் முன்னரே தம் வீட்டின் கீழறையில் சில பிள்ளைகளை வைத்துக் கற்பித்துப் பார்த்திருந்தார். வாய்ச்சொல்லைவிடக் கண்ணால் காண்பதையும், நாள்தோறும் மாறாத ஒழுங்கையும் அப்பிள்ளைகள் பற்றிக்கொள்வதை அவர் கண்டார். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1972இல் மாநிலம் முழுவதற்குமாக நிறுவிய திட்டமும் அதே வழியில் சென்றது. பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், சிகிச்சையில் உடன் உழைப்பவராக ஆக்கியது அத்திட்டத்தின் சிறப்பு.

நாமும் ஓர் ஆசிரியர் என்பதால் எல்கர் அம்மையாரைப் பற்றிப் படித்தபோது சற்று வெட்கமடைந்தோம். நம் மக்தபில் முகம் பார்த்து ஸலாம் கூறாத பிள்ளையை 'அதபு' தெரியாதவன் என்று நிற்க வைத்திருக்கிறோம். கண்ணைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு வலியைப் போன்றது என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் இவ்வரலாறு தாமதமாகவே தொடங்கியது. சென்னையில் 1953இல் தொடங்கிய பாலவிகார் போன்ற நிலையங்கள் அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை ஏற்றன. 1985இல் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் என்ற பெயரில் சென்னையில் தோன்றிய நிலையம் பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் பெற்றது. 1989இல் தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் பிறந்தது முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. தாயைப் பிள்ளையுடன் அமர வைத்துப் பயிற்சி தருவது அதன் முறை. ஆயினும் ஆட்டிசம் என்ற பெயருடன் முன்வந்தது டெல்லியில் 1991இல் மேரி பருவா தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு. அவரும் ஒரு தாயே. தம் மகனுக்காகத் தேடியவர், தேடியது கிடைக்காததால் தாமே தொடங்கினார்.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. சட்டத்தில் பெயரில்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை, சலுகை இல்லை. பெற்றோர் அமைப்புகள் விடாமல் முயன்றதன் பயனாக 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் முதன்முதலாக அச்சொல் ஏறியது. 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. கானரின் கட்டுரைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 73 ஆண்டுகள்!

ஏர்வாடி

நம் சமுதாயத்தின் வரலாற்றையும் மறைக்காமல் கூற வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள். ஆட்டிசம் மனநோயன்று. எனினும் இதை இங்கு நினைவூட்டக் காரணம், இரு சாராரையும் நம் குடும்பங்கள் அழைத்துச் சென்ற பாதை ஒன்றாகவே இருந்தது என்பதுதான். 'ஜின் பிடித்திருக்கிறது' என்ற ஒரு சொல்லில் தொடங்கும் பாதை அது. அச்சொல்லைக் கூறியவர்களில் நம்மைப் போன்றவர்களும் இருந்தார்கள்.

அத்தீக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில், துஆவுக்கு வருபவருக்கு அவ்விடத்திலேயே மருத்துவரையும் காட்டும் 'தவா-துஆ' முறை தொடங்கியது. பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்த செய்தியே. உமையா கலீஃபா வலீத், ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) திமிஷ்கில் நோயாளிகளுக்கு இல்லம் அமைத்து, பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் அரசுச் செலவில் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருவாயில் நடந்தது. சித்தம் கலங்கியோருக்கும் அங்கே தனிப்பகுதி இருந்தது.

இவற்றைவிட நம் உள்ளத்தைத் தொடுவது மதீனாத் தெருவில் நிகழ்ந்தது. அறிவில் ஏதோ ஒரு குறை இருந்த பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நிறுத்தி, உங்களிடம் எனக்கு ஒரு காரியம் உண்டு என்றார். எந்தத் தெருவில் வேண்டுமோ அங்கு நின்று பேசலாம் என்று கூறி, அவருடைய காரியம் முடியும்வரை நபியவர்கள் உடன் நின்றார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்பெண்ணுக்கே விடப்பட்டதைக் கவனியுங்கள்.

அந்தத் தந்தைக்கு நாம் கூறியவை

முதலில், இது உங்கள் இருவர் தவறும் அன்று என்றோம். வாசலில் நின்ற தாயாருக்கும் கேட்கும்படி உரக்கவே கூறினோம். அவருடைய மாமியாரிடம் நாமே வந்து பேசுவதாகவும் கூறி, மறுநாள் சென்றோம். பெரியவர்கள் மனம் தெளிந்தால் வீட்டில் பாதிச் சுமை குறைகிறது.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னோம். டொனால்டின் தந்தையைப் போல், தேதியிட்டு எழுத வேண்டும். எப்போது தூங்குகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், எதைக் கண்டால் சிரிக்கிறான், அழுகைக்கு முன் என்ன நடந்தது. இது மருத்துவரிடம் காட்டவும், நாமே பிள்ளையைப் புரிந்துகொள்ளவும் பயன்படும்.

செவித்திறன் சோதனை இதுவரை செய்யவில்லையாயின் உடனே செய்ய வேண்டும். கேளாமையும் ஆட்டிசமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். வலிப்பின் அறிகுறி எதுவும் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இப்பிள்ளைகளிடம் வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிட மிகுதி. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அங்கே பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. மேல்மலையனூர் வட்டத்திலிருந்து விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கமோ திருவண்ணாமலையோ பேருந்தில் போய்வரும் தொலைவுதான். முட்டுக்காட்டு நிறுவனத்துக்கு அடிக்கடி செல்ல இயலாவிடினும், ஒருமுறை சென்று முழு மதிப்பீடு பெற்று, வீட்டில் செய்வதற்கான பயிற்சிகளைக் கற்றுவருவது நன்று.

நகரத்தில் நாள்தோறும் பல மணி நேரப் பயிற்சிக்குப் பணம் கட்டினால்தான் பிள்ளை தேறும் என்று அஞ்சி நகையை விற்க முனைந்தார் அவர். வேண்டாம் என்றோம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றுண்டு. அதில் பயிற்சி தந்தவர்கள் பெரிய மருத்துவர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள். இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஆறு மாதங்களில் 12 அமர்வுகள். பிள்ளையின் விளையாட்டில் அதன் போக்கிலேயே இணைவதைப் பெற்றோருக்குக் கற்பித்தார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுத்துப் பதிலளிப்பதும், பிள்ளை தானாகப் பெற்றோரை நாடித் தொடர்புகொள்வதும் கூடின. புளியங்கொட்டையை அடுக்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்காமல், அருகில் அமர்ந்து அடுத்த கொட்டையை நாம் நீட்டுவது போன்ற முறை அது. அவன் கை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பில்தான் பேச்சுக்கு முந்திய பேச்சு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட பெற்றோர் பயிற்சி ஒன்றை வகுத்துள்ளது. முற்றிலும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்பவர்களை, அவர் எந்த மதத்தவராயினும், எந்த மருத்துவ முறையினராயினும், விட்டு விலகுங்கள். நம் அடையாளத்தோடு வந்து பெருந்தொகை கேட்டு 'ஜின் எடுப்பவரும்' இதில் அடங்குவர்.

காகித வேலையும் உண்டு. நம் நாட்டில் 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின்படி மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அதைக் கொண்டு தனித்துவ அடையாள அட்டை பெறலாம். சிலர், 'பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், நாளை அவன் அக்காவுக்கு வரன் வராது' என்று அஞ்சிச் சான்றிதழே வாங்குவதில்லை. அவ்வச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அட்டை இல்லாமல் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டையும் (ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை), மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் உதவிகளையும் கோர இயலாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியரின் தலைமையில் உள்ளூர் குழு உண்டு. சொத்துள்ள குடும்பங்கள் இதை நினைவில் வைக்கட்டும். தன் பொருளைத் தானே காக்க இயலாதவரின் பங்கைக் காத்து, அவருக்கு உணவும் உடையும் தந்து, கனிவாகப் பேசுமாறு அந்நிஸா அத்தியாயம் பணிப்பதை வாரிசுகள் மறக்கலாகாது.

பள்ளியைப் பொறுத்தவரை, ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். அங்கன்வாடியிலிருந்து பிள்ளையை நிறுத்திவிட வேண்டாம். வயதொத்த பிள்ளைகளின் நடுவில் இருப்பதே ஒரு பயிற்சி.

பள்ளிவாசலுக்கும் மக்தபுக்கும் நாம் கூறிக்கொள்வது தனி. அச்சிறுவன் இப்போது மற்றப் பிள்ளைகள் சென்ற பிறகு 10 நிமிடம் மட்டும் வருகிறான். ஒலிபெருக்கி அவனுக்கு ஆகாது. அதனால் பாங்குக்கு முன்பே அனுப்பிவிடுகிறோம். ஒளூவின் ஒவ்வொரு செயலையும் கைப்பேசியில் படமெடுத்து, அச்சிட்டு, ஹவுளின் ஓரத்தில் வரிசையாக ஒட்டினோம். எல்கர் அம்மையாரின் முறைதான். முதல் மூன்று வாரம் அவன் படங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் வாரம் ஒரு நாள் முதற்படத்தைத் தொட்டுவிட்டுக் கையை நீரில் வைத்தான். பெரிய பிள்ளைகள் சிலர் இப்போது அப்படங்களைப் பார்த்துத் தங்கள் பிழையைத் திருத்திக்கொள்கிறார்கள் என்பது நாம் எதிர்பாராதது.

தந்தையின் நோட்டுப் புத்தகம் 19ஆம் பக்கத்தை அடைந்திருக்கிறது. சென்ற வாரம் அதை நம்மிடம் காட்டினார். கடைசி வரிகளை அவர் எழுதவில்லை, அவருடைய மனைவி எழுதியிருந்தார். பிள்ளை தண்ணீர்க் குடத்தின் அருகே நின்று, அம்மாவின் கையைப் பிடித்துச் சொம்பின் மேல் வைத்ததாகவும், அன்று காலை மணி ஏழே கால் என்றும் அதில் இருந்தது.